பக் தேடுவதற்கு எதுக்கு டாக்டர் பட்டம்?

கேட்டவர், மலேசியாவின் யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முடித்துவிட்டுப் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சில வருடங்களாக ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) டெஸ்டிங் பார்க்கும் தங்கை ஒருவர். மென்பொருள் நம்பகத்தன்மை, புரோகிராம் அனாலிசிஸ் (நிரலை ஆராய்ந்து பிழை கண்டறிவது) பக்கம் பி.எச்.டி. செய்து பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அந்தத் துறையில் அப்படி என்னதான் செய்கிறார்கள், உள்நாட்டிலேயே செய்யலாமா வெளியே போக வேண்டுமா, ஏ.ஐ. வந்து இந்த வேலையையே விழுங்கிவிடுமா என்று மூன்று கேள்விகள். நான்காவது அவருடைய அம்மா கேட்டது: "பக் தேடறதுக்கு எதுக்குடி டாக்டர் பட்டம்?" (பக் என்றால் நிரலில் இருக்கும் பிழை.)

தங்கச்சி, நான்காவதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான்கிலும் கெட்டிக்காரக் கேள்வி அதுதான்.

2024 ஜூலை 19 அன்று கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வின் இரண்டாம் முனையத்தில் ஏர்ஆசியா கவுண்டர்களுக்கு முன்னால் நின்ற வரிசையை அம்மா செய்தியில் பார்த்திருப்பார். அன்று உலகம் முழுக்க ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு படுத்துவிட்டன. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சின்னக் கோப்புதான் காரணம். பிறகு அந்த நிறுவனமே விளக்கம் வெளியிட்டது. விதிகளை வரையறுத்த இடத்தில் 21 புலங்கள் இருந்தன; அவற்றுக்கு மதிப்பு எடுத்துக் கொடுக்கும் நிரல் 20-ஐ மட்டுமே கொடுத்தது. இருபத்தோராவதைத் தேடிப் போன நிரல் எல்லையைத் தாண்டி நினைவகத்தைப் படித்தது, கணினி விழுந்தது. சோதிக்காமல் அனுப்பிவிட்டார்களா என்றால், சோதித்தார்கள். ஆனால் அதுவரை நடந்த சோதனைகளில் அந்த 21-ஆவது புலத்தில் "எதுவானாலும் சரி" என்றே போட்டிருந்தார்கள். அதனால் அதன் மதிப்பை யாரும் எட்டிப் பார்க்கவே இல்லை.

சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாம், பிழை இல்லை என்பதைக் காட்ட முடியாது என்று கணினி அறிவியல் முன்னோடி டைக்ஸ்ட்ரா அறுபதுகளின் முடிவிலேயே சொல்லிவிட்டார். நீங்கள் தினமும் போடும் டெஸ்ட் கேஸ்கள் எல்லாம் ஏதோ ஒரு மனிதர் யோசித்த கேஸ்கள். யோசிக்காத கேஸை எப்படிப் பிடிப்பது என்பதுதான் ஆராய்ச்சி. பக் தேடுவதற்கு டாக்டர் பட்டம் வேண்டாம். பக் தேடும் இயந்திரத்தை எப்படிக் கட்டுவது, அந்த இயந்திரம் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் அது வேண்டும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பினாங்குக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று உண்டு. 1972 முதல் இன்டெல் உங்கள் தீவில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பென்டியம் சில்லில், வகுத்தல் செய்வதற்கான அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் போய்விட்டன. 1994-இல் தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் பகா எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது விடை தப்பாக வருவதைக் கண்டுபிடித்தார். சில்லுகளை மாற்றிக் கொடுக்க இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். அதற்குப் பிறகுதான் சில்லுத் தொழிலில் கணிதமுறைச் சரிபார்ப்பு என்பது பெரிய அளவில் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையானது. ஆராய்ச்சிக்கு யார் காசு கொடுப்பார் என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் இதுதான்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். ஒரு நிரலை ஓட்டிப் பார்க்காமலே படித்து, அது எங்காவது தப்புச் செய்யுமா என்று சொல்லும் கருவி வேண்டும். எல்லா நிரலுக்கும் பிசகாமல் பதில் சொல்லும் அப்படியொரு கருவியைக் கட்டவே முடியாது. நிரல் எப்போதாவது நிற்குமா என்ற கேள்விக்கே பொதுவான தீர்வு கிடையாது என்று கணிதவியலாளர் டூரிங் 1936-இல் காட்டினார். நிரல் எப்படி நடந்துகொள்ளும் என்பது பற்றிய எந்தக் கேள்விக்கும், அது வெறும் அற்பக் கேள்வியாக இல்லாத வரைக்கும், அதே கதிதான் என்று 1953-இல் ஹென்றி ரைஸ் நிறுவினார். ஆகவே இந்தத் துறையில் ஒவ்வொரு கருவியும் எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் பிறக்கிறது. எதை விடுவது என்பதில்தான் ஆட்கள் பிரிகிறார்கள்.

ஒரு சாரார் எந்தப் பிழையையும் தப்பவிட மாட்டோம் என்பார்கள். பாட்ரிக் கூசோ, ராதியா கூசோ தம்பதி 1977-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த வழி இது. ஒரு மாறிக்கு என்னென்ன மதிப்பு வரும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்காமல் "0 முதல் 255 வரை எங்கோ இருக்கும்" என்று பெரிதாக வளைத்துப் பிடித்துக் கணக்குப் போடுவார்கள். பெரிதாக வளைப்பதால் எதுவும் தப்பாது. ஆனால் பிழையே இல்லாத இடத்திலும் எச்சரிக்கை அடிக்கும். இந்த வழியில் செய்த ஆஸ்ட்ரே என்ற கருவி, 2003-இல் ஏர்பஸ் ஏ340 விமானத்தின் முதன்மைக் கட்டுப்பாட்டு நிரலை, 1,32,000 வரி சி மொழியை, முழுக்க ஆராய்ந்து அதில் ஓட்டநேரப் பிழை (ஓடும்போது வரும் பிழை) எதுவும் இல்லை என்று நிரூபித்தது. கேட்க மாயமாக இருக்கும். அந்த நிரலில் ரிகர்ஷன் (ஒரு செயல்பாடு தன்னையே திரும்ப அழைப்பது) கிடையாது, ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்குவது கிடையாது, கருவியையும் அந்த வகை நிரலுக்கென்றே செதுக்கியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு சாரார் நிரூபணமே வேண்டாம், உடைத்துப் பார்ப்போம் என்பார்கள். 1988-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் புயல் இரவொன்றில் தொலைபேசி வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு இணைந்திருந்தார். லைனில் வந்த இரைச்சல் எழுத்துகளை மாற்றிப் போட, யூனிக்ஸ் நிரல்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. சும்மா குப்பையை உள்ளே கொட்டினால் எத்தனை விழும் என்று மாணவர்களுக்கு வேலை கொடுத்தார். நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை விழுந்தன. ஃபஸ்ஸிங் பிறந்தது இப்படித்தான். 2013-இல் வந்த ஏ.எஃப்.எல். என்ற கருவி, எந்தக் குப்பை நிரலின் புதுப் பாதையைத் திறக்கிறது என்று பார்த்து அதையே மேலும் மாற்றிப் போடும் உத்தியால் இதைப் பெரிய தொழிலாக்கியது. 2016-இல் சிங்கப்பூர் என்.யு.எஸ். பல்கலைக்கழகக் குழு ஒன்று, எந்தப் பாதைக்கு எவ்வளவு நேரம் செலவிடுவது என்ற கணக்கை மாற்றியே அதைப் பல மடங்கு வேகமாக்கிக் காட்டியது. அதே ஆண்டு முதல் கூகுளின் ஓ.எஸ்.எஸ்.-ஃபஸ் திட்டம் திறந்த மூல நிரல்களை இரவு பகலாக இப்படிக் குத்திக்கொண்டே இருக்கிறது.

நடுவில் நிற்பவர்களும் உண்டு. எண்ணுக்குப் பதில் குறியீட்டை வைத்து நிரலை ஓட்டும் முறையை 1976-லேயே ஜேம்ஸ் கிங் எழுதினார். 2008-இல் கிளீ என்ற கருவி வந்த பிறகுதான் அது எல்லோர் கைக்கும் வந்தது. மைக்ரோசாஃப்டில் தாமஸ் பாலோடு சேர்ந்து ஸ்லாம் என்ற கருவியைச் செய்து, விண்டோஸைக் கவிழ்க்கும் டிவைஸ் டிரைவர்களை (சாதனங்களை இயக்கும் துணை நிரல்களை) சரிபார்க்க வழி கண்ட ஸ்ரீராம் ராஜாமணி, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். நம்மவர் இந்தத் துறையில் உண்டா என்று கேட்பவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன்.

இதெல்லாம் எந்தப் பாடக் குறிப்பிலும் கிடைக்கும். நான் உங்களிடம் உண்மையில் சொல்ல நினைப்பது வேறு. இந்தத் துறையில் உத்திக்குப் பஞ்சமில்லை. அந்த உத்தி உண்மையிலேயே பயன்படுகிறதா என்று நேர்மையாக அளந்து சொல்பவர்களுக்குத்தான் பஞ்சம். டெஸ்டிங்கில் வருடக்கணக்காக இருந்தவருக்கு அந்த இடத்தில் கை ஓங்கியிருக்கிறது.

இதற்கு ஃபேஸ்புக்கின் இன்ஃபர் நல்ல சாட்சி. பீட்டர் ஓஹெர்ன் போன்ற கோட்பாட்டு ஆட்கள் செய்த, பிழை தேடும் கருவி அது. அவர் அங்கு ஓடிய கருவிகளைப் பற்றிச் சக ஆய்வாளர்களோடு பின்னர் எழுதிய கட்டுரையில் ஒரு செய்தி வருகிறது. முதலில் கருவியை இரவில் மொத்த நிரலின் மீதும் ஓட்டி, கிடைத்த பிழைகளைப் பட்டியலாகப் பொறியாளர்களிடம் கொடுத்தார்கள். திருத்தப்பட்டவை கிட்டத்தட்ட பூச்சியம். பிறகு அதே ஆய்வை, ஒருவர் நிரலை மாற்றி ரிவ்யூவுக்கு (சக பொறியாளரின் பார்வைக்கு) அனுப்பும் அந்த நேரத்தில் ஓட்டி, அவருடைய மாற்றத்துக்கு அடியிலேயே எச்சரிக்கையைப் போட்டார்கள். சுமார் 70 விழுக்காடு திருத்தப்பட்டன. கணிதம் மாறவில்லை. எப்போது, யாரிடம் சொல்வது என்பதுதான் மாறியது. செந்தூல் அடுக்குமாடிக்குக் கீழே நள்ளிரவில் கார் அலாரம் அடித்தால் எத்தனை பேர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள்? பொய் எச்சரிக்கை கொடுக்கும் கருவிக்கும் அதே மரியாதைதான். கூகுளில் ஒரு ஆய்வுக் கருவி உள்ளே வர வேண்டுமென்றால், பொறியாளர் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விடும் எச்சரிக்கைகள் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று விதியே வைத்தார்கள்.

இன்னொரு சாட்சி கொஞ்சம் சங்கடமானது. 2009-இல் ஜென்பிராக் என்ற கருவி வந்தது. நிரலைத் தானாகவே திருத்தும் கருவி. ஏற்கெனவே இருக்கும் வரிகளை மாற்றி, வெட்டி, ஒட்டி, எல்லா டெஸ்டும் பாஸாகும்வரை பரிணாம முறையில் தேடும். 2012-இல் 105 பிழைகளில் 55-ஐத் திருத்தியது என்று வந்தபோது துறையே கைதட்டியது. 2015-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு அந்தத் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. உண்மையில் சரியான திருத்தம் கிடைத்தது இரண்டே பிழைகளுக்கு. மற்றவற்றில் பெரும்பாலானவை, பிழை இருந்த செயல்பாட்டையே வெட்டி எறிந்ததற்குச் சமம். டெஸ்ட் பாஸாகிறது, நிரல் பாழ். இதை அந்த ஆய்வாளர்களுக்கு இழுக்காக நான் சொல்லவில்லை. தானியங்கித் திருத்தம் என்ற துறையே அவர்கள் போட்ட பாதையில்தான் நடக்கிறது. ஆனால் "டெஸ்ட் பாஸ்" என்பதற்கும் "சரி" என்பதற்கும் நடுவிலுள்ள தூரம் டெஸ்டிங்கில் இருக்கும் உங்களுக்கு முதல் நாளே தெரியும். கட்டுரை எழுதுபவர்களுக்குத் தெரிய ஆறு வருடம் பிடித்தது. 2018-இல் ஃபஸ்ஸிங் கட்டுரைகள் 32-ஐ எடுத்து ஆராய்ந்த இன்னொரு குழுவும் இதே மாதிரிதான் கண்டது: ஒவ்வொன்றின் சோதனை முறையிலும் ஏதாவது ஒரு ஓட்டை.

ஆகவே தலைப்புத் தேடும்போது, இந்த மாதம் எந்த உத்தி பேசப்படுகிறது என்று பார்க்காதீர்கள். உங்கள் மேசையில் எது தொந்தரவு தருகிறது என்று பாருங்கள். காலையில் பாஸாகி, பசியாறிவிட்டு வந்து பார்த்தால் ஃபெயிலாகும் டெஸ்ட் உங்களிடம் கட்டாயம் இருக்கும். அதற்கு ஃப்ளேக்கி டெஸ்ட் என்று பெயர். 2014-இல் சிலர் அப்பாச்சி திட்டங்களில் 201 திருத்தங்களை ஆராய்ந்து, பாதிக்குச் சற்றுக் குறைவானவை சரியாகக் காத்திருக்காததால் வருபவை என்று காட்டினார்கள். இன்று அது தனிக் கிளை. ஃபர்ம்வேரில் சென்சாரும் டைமரும் சேர்ந்தால் அது வேறு அவதாரம் எடுக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கென்றே கிடக்கும் இன்னொரு கேள்வி: ஃபஸ்ஸிங் முழுக்க நிரல் விழுவதைப் பார்த்துத்தான் பிழையைக் கண்டுகொள்கிறது. லினக்ஸில் நினைவகத்தைக் கெடுத்தால் பெரும்பாலும் நிரல் விழும். சின்ன மைக்ரோகன்ட்ரோலரில் (சாதனத்துக்குள் இருக்கும் சிறு கணினிச் சில்லில்) அப்படி இல்லை. நினைவகம் கெட்டுப்போயும் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டே இருக்கும், எங்கேயோ எப்போதோ தப்பான எண்ணைக் காட்டும். 2018-இல் இதை அளந்து ஒரு நல்ல கட்டுரை வந்தது. சாதனம் இல்லாமல் ஃபர்ம்வேரை எமுலேட்டரில் (சாதனத்தைப் போலவே நடிக்கும் மென்பொருளில்) ஓட வைப்பது பற்றி 2020-க்குப் பிறகு நிறைய வேலை நடந்திருக்கிறது. ஆனாலும் சாதனம் அமைதியாகக் கெடுவதை வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது என்பது இன்னும் தீராத விஷயம். உண்மையான போர்டைக் கையில் பிடித்துப் பழகியவர்கள் பி.எச்.டி. மாணவர்களில் குறைவு. அதுதான் உங்கள் பலம்.

இனி இடம். மலேசியாவில் ஐந்து ஆய்வுப் பல்கலைக்கழகங்கள்: யு.எம்., யு.எஸ்.எம்., யு.கே.எம்., யு.பி.எம்., யு.டி.எம். இங்கே பி.எச்.டி. பெரும்பாலும் ஆராய்ச்சி வழியாகவே: ப்ரபோசல் டிஃபென்ஸ், ஆய்வேடு, கடைசியில் வைவா (வாய்மொழித் தேர்வு). அமெரிக்காவில் போல முதல் இரண்டு வருடம் பாடம் படிக்கும் முறை இல்லை. அனாலிசிஸ் பக்கம் போகிறவருக்கு இது ஒரு குறை. லாட்டிஸ், லாஜிக், கம்பைலர் போன்ற அடிப்படைப் பாடங்கள் எல்லாம் நீங்களே உட்கார்ந்து படித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு அருகிலேயே இருக்கலாம், மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து பேசலாம் என்பது நிறை. அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நடு வருடங்களின் தனிமை நிறைய பேரைப் பாதியில் கழற்றிவிடுகிறது.

உள்ளூரில் பலமான மரபொன்றும் இருக்கிறது. யு.எஸ்.எம்.மின் நிபோங் திபால் பொறியியல் வளாகத்திலிருந்து கூட்டுச் சேர்க்கைச் சோதனை பற்றித் தொடர்ந்து கட்டுரைகள் வந்தன. ஒரு சாதனத்தில் இருபது அமைப்புகள் (செட்டிங்குகள்), ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மதிப்பு என்றால் எல்லாச் சேர்க்கையையும் சோதிக்க ஆயுள் போதாது. ஆனால் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்தில் ரிச்சர்ட் கூன் 2004-இல் பழுது அறிக்கைகளை ஆராய்ந்தபோது, ஆறுக்கு மேற்பட்ட அமைப்புகள் ஒன்றுசேர்ந்தால்தான் வரும் பழுது ஒன்றுகூடத் தென்படவில்லை. பெரும்பாலானவற்றுக்கு ஒன்றிரண்டே போதுமாயிருந்தது. அப்படியானால் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக எல்லா ஜோடியும் ஒருமுறையாவது வரும்படி மிகச் சிறிய சோதனைப் பட்டியல் செய்தால் போதும். அந்தப் பட்டியலைச் செய்யும் வழிமுறைகளில் நம் ஊர்க்காரர்கள் நல்ல பெயர் எடுத்தார்கள். உங்கள் வேலைக்கும் இது நேராகப் பொருந்தும்.

சிக்கல் வேறிடத்தில். இந்தத் துறையில் பெரிய முடிவுகள் முதலில் வெளிவருவது மாநாடுகளில்: ஐ.சி.எஸ்.இ., எஃப்.எஸ்.இ., ஐ.எஸ்.எஸ்.டி.ஏ., பாப்பிள். ஐ.சி.எஸ்.இ.யில் நான்கில் ஒரு கட்டுரை தேறினால் அது நல்ல வருடம். நம் பல்கலைக்கழகங்களின் கே.பி.ஐ. (செயல்திறன் அளவுகோல்) எண்ணுவதோ பெரும்பாலும் வெப் ஆஃப் சயன்ஸ், ஸ்கோப்பஸ் பட்டியலில் இருக்கும் இதழ்களை. உலகின் தலைசிறந்த மாநாட்டில் ஒரு கட்டுரை போட்டவருக்கும், பெயர் தெரியாத க்யூ2 (தரவரிசையில் இரண்டாம் கால்பகுதி) இதழில் மூன்று போட்டவருக்கும் நடுவில், பதவி உயர்வுப் படிவம் மூன்றின் பக்கம் சாயும். நான் பார்த்தவரை இந்தத் துறையில் நம் இளைஞர்களைத் தடம் மாற்றுவது பணக் குறையைவிட இந்தக் கணக்குதான். தப்பிக்க ஒரு வழி உண்டு. ஐ.இ.இ.இ.யின் டி.எஸ்.இ., ஏ.சி.எம்.மின் டோசெம், எம்பிரிக்கல் சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் போன்றவை இரு தரப்பும் மதிக்கும் இதழ்கள். அவற்றில் வந்ததை ஐ.சி.எஸ்.இ.யில் மேடையேறிப் பேசவும் இடம் கொடுக்கிறார்கள். மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எத்தனை கட்டுரை போட்டிருக்கிறார் என்று பார்க்காதீர்கள். எங்கே போட்டிருக்கிறார், அவருடைய கருவியை வேறு யாராவது இறக்கி ஓட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

வெளியே என்றால் முதலில் சிங்கப்பூரைத்தான் சொல்வேன். என்.யு.எஸ்., என்.டி.யு., எஸ்.எம்.யு. மூன்றிலும் இந்தத் துறையில் உலகத் தரமான குழுக்கள் இருக்கின்றன, உதவித்தொகையும் கிடைக்கும், தீபாவளிக்கு வீட்டுக்கு வரலாம். தானியங்கித் திருத்தத்தில் பொருள் புரிந்து திருத்தும் வழியை 2013-இல் செம்ஃபிக்ஸ் என்ற கருவியில் காட்டியது என்.யு.எஸ்.ஸின் அபிக் ராய்சவுத்ரி குழு. அடுத்தது ஜெர்மனி. அங்கே பி.எச்.டி. மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். சார்ப்ரூக்கனில் சிஸ்பா, மேக்ஸ் பிளாங்க் ஆகிய இரண்டு ஆய்வு நிறுவனங்களும் இருக்கின்றன. "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை, ஏன்?" என்ற கேள்விக்கு மாற்றங்களைப் பாதி பாதியாக வெட்டிப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கும் முறையை 1999-இல் எழுதிய ஆண்ட்ரியாஸ் செல்லர் அங்கேதான் இருக்கிறார்.

விரிவுரையாளர் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. அரசுப் பல்கலைக்கழகத்தில் பி.எச்.டி.யோடு உள்ளே போனால் சீனியர் லெக்சரர், பிறகு இணைப் பேராசிரியர், பேராசிரியர். அடிப்படை ஆராய்ச்சிக்கு உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். மானியம் இருக்கிறது, போட்டி கடுமை. விரிவுரையாளராக வருபவர்களைப் பயிற்றுவிக்கும் எஸ்.எல்.ஏ.பி. திட்டம் பூமிபுத்ராக்களுக்கானது என்று பெயரிலேயே இருக்கிறது, ஆகவே அந்தக் கதவை எதிர்பார்த்து நேரம் போக்க வேண்டாம். மேற்பார்வையாளரின் மானியத்திலிருந்து வரும் ஆராய்ச்சி உதவியாளர் இடம்தான் உள்நாட்டில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும் கயிறு. தனியார் பல்கலைக்கழகங்களில் ஆள் எடுப்பது வேகம், ஆனால் பாடச் சுமை அதிகம். செமஸ்டர் நடுவில் ஆராய்ச்சி என்பது சனி ஞாயிறு வேலையாகிவிடும். சம்பளத்தில் பாயான் லெப்பாஸோடு போட்டி போட முடியாது. அதை இப்போதே தெரிந்துகொண்டு வாருங்கள்.

ஏ.ஐ. விஷயம். ஏ.ஐ. மாடல்களால் நிரல் பிரச்சினைகளைத் தீர்க்க முடியுமா என்று பார்க்க 2023-இல் எஸ்.டபிள்யூ.இ.-பெஞ்ச் என்று ஒரு தேர்வு வைத்தார்கள்: 12 பைத்தான் திட்டங்களிலிருந்து 2,294 உண்மையான பிரச்சினைகள். முதல் கட்டுரையில் இருந்த மாடல்களில் சிறந்தது 2 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. அதன் பிறகு எண்கள் எகிறிய வேகத்தைப் பார்த்தால் பயம் வருவது நியாயம். என்.யு.எஸ்.ஸில் பிறந்த, நிரலைத் தானாகத் திருத்தும் ஏ.ஐ. கருவியான ஆட்டோகோட்ரோவரை 2025-இல் சோனார் நிறுவனம் வாங்கியது. ஆனால் அந்தத் தேர்விலும் தீர்ப்புச் சொல்வது டெஸ்ட்தான். 2024-இல் ஓப்பன்ஏ.ஐ. மனிதர்களை உட்கார வைத்துச் சலித்தபோது, கேள்வியே தெளிவில்லாதவை, சரியான விடையையும் தப்பென்று தள்ளும் டெஸ்ட் உள்ளவை என்று நிறைய கழித்து 500-ஐ மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். 2015-இல் ஜென்பிராக்கிடம் கேட்ட கேள்வியேதான் திரும்பவும் வந்து நிற்கிறது. மனிதர் எழுதாத, மனிதர் முழுக்கப் படிக்காத நிரல் மலைபோல் குவிகிறது. அதில் எது சரி என்று சொல்லும் ஆட்கள் தேவைப்படாமல் போவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. டெஸ்ட் கேஸை உட்கார்ந்து எழுதும் வேலை மட்டும் நிச்சயம் குறையும். ஆக, நீங்கள் இப்போது பார்க்கும் வேலைக்குத்தான் ஆபத்து அதிகம். போக நினைக்கும் வேலைக்கு அவ்வளவு இல்லை.

எங்கிருந்து தொடங்குவது? டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்டர்ஸ் மோலரும் மைக்கேல் ஷ்வார்ட்ஸ்பாக்கும் எழுதிய ஸ்டேட்டிக் அனாலிசிஸ் பாடக் குறிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அதைப் பயிற்சிகளோடு முடியுங்கள். வெறுமனே வாசித்தால் ஒட்டாது. ஃபஸ்ஸிங்குக்கு செல்லர் குழு, நிரலை அங்கேயே ஓட்டிப் பார்க்கும்படி ஒரு பாடநூலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பிறகு ஒரு கட்டுரையை எடுங்கள். 2011 முதல் இந்தத் துறை மாநாடுகளில், கட்டுரையோடு கருவியையும் தரவையும் கொடுத்து நடுவர்கள் ஓட்டிப் பார்க்கும் வழக்கம் வந்தது. தேறியவற்றின் முதல் பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கும். அப்படி முத்திரை உள்ள ஒன்றை உங்கள் லேப்டாப்பில் ஓட்டி, அவர்கள் சொன்ன எண் வருகிறதா பாருங்கள். பிறகு அவர்கள் தொடாத ஒரு நிரலில், ஸெஃபிர் போன்ற திறந்த மூல ஆர்.டி.ஓ.எஸ். (சிறு சாதனங்களுக்கான இயங்குதளம்) ஒன்றில், ஓட்டுங்கள். எங்கே இடறுகிறது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள்.

மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது அந்த இரண்டு பக்கத்தை இணையுங்கள். "உங்கள் ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் உள்ளது" என்று தொடங்கும் கடிதங்கள் எங்கள் பெட்டிகளில் வாரந்தோறும் குவிகின்றன, பாதி படிக்கப்படுவதே இல்லை. "உங்கள் கருவியை இந்த நிரலில் ஓட்டினேன், இந்த இடத்தில் இப்படி நின்றது, இதனால் இருக்கும் என்று நினைக்கிறேன்" என்று வரும் கடிதத்துக்கு யாரும் அன்றைக்கே பதில் எழுதுவார்கள். சி.ஜி.பி.ஏ. கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அது கதவைத் திறக்கும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. தொழிற்சாலையின் நிரல், பிழைப் பட்டியல், டெஸ்ட் லாக் எதையும் ஆராய்ச்சிக்கென்று கையோடு எடுத்து வராதீர்கள். பெயரை அழித்துவிட்டாலும் கூடாது. வேலை ஒப்பந்தத்தில் கண்டுபிடிப்புகள் யாருக்குச் சொந்தம், ரகசியக் காப்பு எத்தனை வருடம், பாண்ட் (குறிப்பிட்ட காலம் வேலை செய்தாக வேண்டும் என்ற கட்டாயம்) உண்டா என்று இருக்கும் பக்கங்களை இன்றே எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும்போதே வீட்டில் கருவி எழுதத் தொடங்கினால், சொந்த லேப்டாப்பில், சொந்த நேரத்தில், திறந்த மூல நிரலின் மீது மட்டும் எழுதுங்கள். நிறுவனத்தோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்ய விருப்பமென்றால், அதைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு மேற்பார்வையாளர் வழியாக எழுத்துபூர்வமாகக் கேட்கலாம். பழைய மேலாளரோடு நல்ல முகத்தோடு விடைபெற்றிருந்தால் அது நடக்கவும் நடக்கும்.